இரண்டு பாகத் தண்ணீர்

கம்பஸைப் பூட்டி மூன்றாவது வாரம். ஊழியர்கள் வேலைநிறுத்தம். விரிவுரை இல்லை, நூலகம் இல்லை, கன்டீன்கூட இல்லை. எங்கள் ஊரான சண்டிலிப்பாயில் வீட்டில் இருந்து அம்மாவின் முகத்தை நானும் என் முகத்தை அம்மாவும் பார்த்து அலுத்துப்போன ஒரு நாளில்தான் அந்த யப்பானியத் தொலைக்காட்சித் தொடர் என் கையில் அகப்பட்டது. பத்துப் பாகம். ஒவ்வொன்றும் நாற்பத்தாறு நிமிடம். முதல் நாளே நான்கு பாகம் பார்த்துவிட்டேன். குளிக்கவில்லை.

கதை இதுதான். ஆஸ்பத்திரிகளுக்கு இயந்திரம் விற்கிற ஒரு பெரிய நிறுவனம். அதன் பதினோராம் மாடியில் கிழவர்கள் இருக்கிறார்கள். தலைவர், உபதலைவர், அவர்களுக்குப் பின்னால் ஒரு மந்திரி. அவர்கள் கூடிப் பேசும்போது தேநீர் ஊற்ற ஒரு பெண். ஊற்றுகிறாள், குனிகிறாள், போகிறாள். முதலாம் பாகத்தில் பாதி போன பிறகுதான் தெரிகிறது, அவளுக்குத் தலைவரின் கதிரை வேண்டும் என்று. சம்பள உயர்வு அல்ல, கலியாணம் அல்ல, பழிவாங்கல்கூட அல்ல. கதிரை. கறுப்புத் தோல் போட்ட, சுழல்கிற கதிரை. பாகத்துக்கு ஒரு கிழவன் கவிழ்கிறான். அவள் யாரையும் அடிப்பதில்லை, சுடுவதில்லை. ஒருவரைப் பற்றி மற்றவர் சொன்னதை எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். அதற்கே எனக்கு நகம் முழுக்கத் தீர்ந்துபோனது.

எனக்குத் தனியாக ரசிக்கத் தெரியாது. நல்ல படம் ஒன்று பார்த்தால் யாரையாவது பிடித்து இருத்திக் காட்டினால்தான் நெஞ்சு ஆறும். அம்மாவை இருத்தினேன். படத்துக்குக் கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டு, "வாசிச்சு வாசிச்சுப் படம் பாக்க நான் என்ன சோதினைக்கே போறன்?" என்று எழும்பிப் போய்விட்டார். மிஞ்சியது சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களுக்கு அடுத்த வளவு. சித்தப்பா ரியூட்டரியில் கணிதம் படிப்பிக்கிறவர். மண்வெட்டிக்கு எந்தப் பக்கம் பிடி என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்லுவார். தோட்டம் முழுக்கச் சித்தியின் கையில். சித்திக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. "எடி, நல்ல கதை எண்டு சொல்லுறாய், எனக்கு விளங்குற மாதிரி ஏதும் செய்து தாவன்" என்றார். மூன்று வாரமாகக் கையும் மூளையும் சும்மா கிடந்த ஒருத்தியிடம் இப்படிக் கேட்கக்கூடாது. அன்று பின்னேரமே லப்ரொப்பைத் திறந்து, ஆங்கில சப்ரைட்டிலை ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கத் தொடங்கினேன். முதலில் செந்தமிழில் எழுதினேன். தலைவர் செய்தி வாசிப்பவர் மாதிரி இருந்தார். அழித்துவிட்டு எங்கள் தமிழில் எழுதினேன். உடனே எல்லோருக்கும் உயிர் வந்தது. மந்திரி, "உவளை ஆர் உள்ளுக்கு விட்டது?" என்று கேட்டார். உபதலைவர், "ஐயா, உவள் சும்மா தேத்தண்ணிக்கு வாறவள்" என்றார். டோக்கியோவில் ஒரு சண்டிலிப்பாய் முளைத்துவிட்டது.

சித்தி அதைப் பார்த்தது வீட்டில் அல்ல, கிணற்றடியில். ஏன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தோட்டக் கிணறுகள் பல பங்குக் கிணறுகள். ஒரு கிணறு, தண்ணீர் இறைக்க ஒரு மிசின், நாலு வீட்டுத் தோட்டம். முறை வைத்து இறைப்பார்கள். சித்தியின் கிணற்றில் மூன்று நாளுக்கு ஒருமுறை இறைப்பு. ஒரு ஆளுக்கு ஒன்றரை மணித்தியாலம். காலை ஆறு மணிக்கு ஓய்வுபெற்ற அதிபர் ஐயா. ஏழரைக்குக் கடைக்கார அண்ணை. ஒன்பதுக்குக் கோயில் செயலாளர் அண்ணை. பத்தரைக்குச் சித்தி. இது கடதாசியில் எங்கும் இல்லை. அதிபர் ஐயாவின் தலைக்குள் இருந்தது. நடைமுறையில் சித்திக்கு மிசின் கிடைக்கும்போது உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும், கிணறு அடி தெரியும், வருகிற தண்ணீரும் சாடையாக உவர்க்கும்.

பின்னே சித்தி ஏன் ஆறு மணிக்கே கிணற்றடிக்குப் போய் இருக்கிறார் என்றால், அந்த மிசின் அடிக்கடி காற்றிழுக்கும். வாளியால் தண்ணீர் விட்டுக் குழாயை நிரப்பி, ஒரு கையால் பொத்தி, மற்றக் கையால் சுவிட்சைப் போட்டு, சரியான நொடியில் கையை எடுக்க வேண்டும். அது சித்திக்கு மட்டும்தான் வரும். மற்றவர்கள் செய்தால் சட்டைதான் நனையும். ஆகவே கடைசி முறைக்காரி முதல் ஆளாகப் போய் மிசினை எழுப்பிக் கொடுத்துவிட்டு, தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருப்பார். எழும்பி வீட்டுக்குப் போனால் "ஆளில்லைத்தானே" என்று முறையைத் தாண்டிவிடுவார்கள்.

மிசின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. பாட்டுக் கேட்க முடியாது, போனில் கதைக்க முடியாது. ஆனால் சப்ரைட்டில் போட்ட படம் பார்க்கலாம். சித்தி மிசின் கொட்டிலுக்குள் போனைச் சார்ஜில் குத்தி, வெங்காயப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்து பார்த்தார். ஆறு மணிக்கு மிசின் ஓடத் தொடங்கும், படமும் ஓடத் தொடங்கும். நான் எழுத எழுதச் சித்தி பார்த்துத் தீர்த்தார். பார்த்ததைத் திரும்பப் பார்க்கவும் அவருக்குக் கூச்சமில்லை.

"உந்தப் பெட்டைக்கு நல்ல பொறுமை," என்று ஒருநாள் சொன்னார். "எனக்கெண்டால் அந்தத் தேத்தண்ணியை அவரின்ரை மடியிலை ஊத்தியிருப்பன்."

"ஊத்தினால் முதலாம் பாகத்தோடை கதை முடிஞ்சிடும் சித்தி."

"அதுதான் பாக்கிறன். என்ரை கதை முதலாம் பாகத்தோடை முடிஞ்சு எத்தினை வருசம்."

அவர் பகிடியாகச் சொல்லவில்லை. போன வருடம் அவருடைய வெங்காயம் பாதி கருகிப்போனது. வெங்காயத்துக்கு மத்தியானத் தண்ணீர் சுடுதண்ணீர் மாதிரி. இந்த வருடம் அவர் இன்னும் பெரிதாக யோசித்திருந்தார். கனடாவில் இருக்கிற ஒருவரின் ஆறு பரப்புக் காணி, அதே கிணற்றோடு ஒட்டியது, பற்றை பிடித்துக் கிடந்தது. அதையும் குத்தகைக்கு எடுத்துவிட்டார். தன்னுடைய நான்கும் சேர்த்துப் பத்துப் பரப்பும் வெங்காயம். விதை வெங்காயம் வீட்டு அறை முழுக்கப் பரவிக் கிடந்தது. சித்தப்பா அதற்கு நடுவில் ஒற்றைக் காலில் நடந்து போய்ப் படுத்தார். அந்தக் கிணற்றில் யாரும் பத்துப் பரப்பு வைத்ததில்லை, அதிபர் ஐயாகூட. காலை முறை கிடைத்தால் சித்தி அந்தப் பக்கத்திலேயே பெரிய வெங்காயக்காரி. கிடைக்காவிட்டால் பத்துப் பரப்பும் கருகும்.

முறை வைக்கும் கூட்டம் வெங்காய நடுகைக்கு முன்பு நடக்கும். அதிபர் ஐயா வீட்டு விறாந்தையில் நான்கு பிளாஸ்ரிக் கதிரை போடுவார்கள். நான்கு பங்குக்கு நான்கு ஆண்கள். சித்தியின் பங்குக்குச் சித்தப்பா. அந்தக் கூட்டத்தில் சித்தப்பாவின் வேலை "ஓம் ஐயா" என்று சொல்வது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதிபர் ஐயாவிடம்தான் அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தார், அடியும் வாங்கினார். கடைக்கார அண்ணையும் செயலாளர் அண்ணையும் அதே பிரம்பு. ஐம்பது வயதிலும் ஐயா தொண்டையைச் செருமினால் மூன்று பேரும் கையைப் பின்னால் ஒளிக்கிறார்கள். சித்தி படித்தது பெண்கள் பாடசாலையில். அந்தக் கிணற்றில் அதிபர் ஐயாவிடம் அடி வாங்காத ஒரே பங்காளி அவர்தான். இதை நான் பிறகுதான் யோசித்தேன்.

போன வருடம் சித்தி கூட்டத்தன்று வாசலில் நின்று, எல்லோரும் நேரம் தாண்டி இறைக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். ஐயா கையைத் திருப்பி மணிக்கூட்டைக் காட்டினாராம். "பிள்ளை, இது சுவிஸ் மணிக்கூடு. உம்மடை போன் முந்துது." பிறகு, "மனுசனை வரவிடும், நாங்கள் கதைக்கிறம்" என்றாராம். மனுசன் பக்கத்தில்தான் இருந்தார்.

இந்த முறை கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலை சித்தி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். எட்டுப் பாகம் முடிந்திருந்தது. எட்டாம் பாகத்தின் கடைசியில் அந்தப் பெண் பதினோராம் மாடிக் கதவைத் திறக்கிறாள். உள்ளே நீள மேசை, பதினொரு ஆண்கள்.

"ஒன்பதாம் பாகம் எங்கை?"

"வரும் சித்தி."

"நாளைக்குக் கூட்டம். சொல்ல விசயம் என்னட்டை இருக்கு. சொல்லுற விதம்தான் இல்லை. அவள் என்ன சொல்லுறாள் எண்டு பாத்திட்டுத்தான் நான் போவன்."

இங்கேதான் நான் மாட்டினேன். ஒன்பதாம் பாகத்துக்கு ஆங்கில சப்ரைட்டில் இல்லை. இணையம் முழுக்கத் துழாவினேன். ஸ்பானிய மொழியில் இருந்தது, அரபியில் இருந்தது. ஆங்கிலம் எட்டோடு நின்றுவிட்டது, ஒன்பதும் பத்தும் இல்லை. யப்பானிய மொழியில் எனக்குத் தெரிந்தது வணக்கமும் நன்றியும். மெஷின் மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். "தலைவர் நண்டு, மழை வருந்துகிறது" என்று வந்தது.

படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்தேன். அவள் மேசை முன்னால் நின்று ஏழு நிமிடம் பேசுகிறாள். கிழவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வெளிறுகின்றன. தலைவர் கண்ணாடியைக் கழற்றுகிறார். ஒருவர் எழும்பி யன்னல் பக்கம் போகிறார். கடைசியில் அவள் மெதுவாக நடந்து போய்த் தலைவரின் கதிரையில் சரிந்து உட்காருகிறாள். விளக்கவுரையே தேவையில்லை என்று நினைத்தேன். வென்றுவிட்டாள். என்ன சொல்லி வென்றாள் என்பது மட்டும்தான் தெரியாது. அது ஒரு சின்ன இடைவெளி. நான் நிரப்பினேன்.

பின்னேரம் நான்கு மணி வரை இருந்து எழுதினேன். உண்மையைச் சொன்னால் மற்ற எட்டுப் பாகத்தையும்விட நன்றாக வந்தது. அவள் சொல்லுகிறாள்:

"இந்த அறையிலை பன்னிரண்டு வருசம் நான் தேத்தண்ணி ஊத்தினனான். ஊத்துறவளுக்குக் காது இல்லையெண்டு நினைச்சு நீங்கள் எல்லாரும் எனக்கு முன்னாலை கதைச்சனீங்கள். இண்டைக்கு நான் கதைக்கப்போறன். தேத்தண்ணியை ஆராவது ஊத்துங்கோ."

பிறகு ஒவ்வொரு கிழவனாகப் பார்த்து, நீங்கள் இன்ன நாள் இன்னது செய்தீர்கள் என்று ஆதாரத்தோடு சொல்லுகிறாள். குரலை உயர்த்தாமல். பெயர் சொல்லாமல், கண்ணைப் பார்த்து.

சித்தி இரண்டு தரம் பார்த்தார். போனைத் திருப்பி வைத்துவிட்டு, "விண்ணி," என்று மட்டும் சொன்னார். கெட்டிக்காரிக்கு எங்கள் ஊர்ச் சொல்.

ஞாயிறு காலை நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, பயத்தில் போனேன். விறாந்தையில் நான்கு கதிரை. அதிபர் ஐயா, கடைக்கார அண்ணை, செயலாளர் அண்ணை இருந்துவிட்டார்கள். சித்தப்பா நாலாவது கதிரைக்குக் குனிந்தபோது சித்தி அதில் இருந்துவிட்டார். சித்தப்பா பாதி குனிந்தபடி ஒரு கணம் நின்றார். பிறகு முற்றத்தில் நிறுத்தியிருந்த தன் ஸ்கூட்டரில் போய் ஏறி இருந்தார், எங்கேயோ புறப்படுகிறவர் மாதிரி.

ஐயா தொண்டையைச் செருமினார். இரண்டு அண்ணைமாரும் நிமிர்ந்தார்கள்.

"பிள்ளை, உள்ளுக்கை மனுசி தேத்தண்ணி போடுறா. ஒருக்கா எடுத்துக்கொண்டு வாரும்."

ஐயாவுக்கு யார் எழுதிக் கொடுத்தது இந்த வசனத்தை.

"ஐயா," என்றார் சித்தி. "இந்தக் கிணத்தடியிலை பன்னிரண்டு வருசம் நான் மிசின் எழுப்பினனான். எழுப்புறவளுக்குக் கண் இல்லையெண்டு நினைச்சு நீங்கள் எல்லாரும் எனக்கு முன்னாலைதான் இறைச்சனீங்கள். இண்டைக்கு நான் கதைக்கப்போறன். தேத்தண்ணியை ஆராவது எடுத்துக்கொண்டு வாங்கோ."

என் வசனம். காதைக் கண்ணாக்கி, கொஞ்சம் திருத்தி, ஆனால் என் வசனம். அதை ஒருவர் நேரில், வெள்ளை வேட்டிகளுக்கு முன்னால் சொல்லிக் கேட்பது, நான் விளையாட்டுக்கு உருட்டிய மாத்திரையை டொக்டர் ஒருவர் நோயாளிக்குக் கொடுப்பதைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"போன செவ்வாய்க்கிழமை," என்று சித்தி ஐயாவின் கண்ணைப் பார்த்தார். "நீங்கள் மிசின் போடேக்கை நான் யப்பான் படம் முதலாம் பாகம் போட்டனான். நீங்கள் நிப்பாட்டேக்கை மூண்டாம் பாகம் முடிஞ்சு பேர் எல்லாம் ஓடுது. கடைக்கார அண்ணை நாலு, அஞ்சு, பிறகு ஆறாம் பாகத்திலை மந்திரியின்ரை மனுசி கார்க் கதவை அடிச்சுச் சாத்துற இடம் மட்டும் இறைச்சவர். செயலாளர் அண்ணை கதவு சாத்தினதிலையிருந்து எட்டாம் பாகம் முடியுமட்டும். எனக்கு மிசின் வரேக்கை பாக்கிறதுக்குப் படம் இல்லை."

கடைக்கார அண்ணைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"மந்திரியின்ரை மனுசி ஏன் கதவைச் சாத்தினவ?"

"நீர் பேசாமல் இரும்," என்றார் ஐயா. பிறகு சித்தியிடம் திரும்பினார். "பிள்ளை, படம் என்ன மணிக்கூடோ?"

"மணிக்கூடு முந்தும், பிந்தும் ஐயா. படம் முந்தாது. ஒரு பாகம் நாப்பத்தாறு நிமிசம். ஒரு ஆளின்ரை முறை ரெண்டு பாகம். மூண்டு ஆளுக்கு ஆறு பாகம். எனக்கு ஆறிலை வரவேண்டிய தண்ணி எட்டு முடியத்தான் வந்தது."

"நாப்பத்தாறு எண்டு ஆர் சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓம் என்றேன். முற்றத்து ஸ்கூட்டரிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்ப முன்னூற்றி அறுபத்தெட்டு நிமிசம், ஐயா. இருக்கவேண்டியது இருநூற்றி எழுபது."

சித்தப்பா. பன்னிரண்டு வருடக் கூட்டத்தில் "ஓம் ஐயா" அல்லாத அவருடைய முதல் வசனம். கணக்கு என்று வந்துவிட்டால் அவருக்குப் பிரம்பு ஞாபகம் வராது போல.

ஐயா லேசான ஆள் இல்லை. அத்தனை வருடம் பள்ளிக்கூடம் நடத்தியவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாய்ச்சாட்சி செல்லாது. நாளைக்கு இறைப்பு. படத்தைக் கொண்டு வாரும். எல்லாற்றை முன்னாலையும் போட்டுப் பாப்பம். நான் ரெண்டு பாகத்திலை நிப்பாட்டினால் உந்தக் கதை இதோடை சரி," என்றார். அவரால் ஒரு நாள் இரண்டு பாகத்தில் நிறுத்த முடியாதா என்ன. சித்தி மட்டும், "ஓம் ஐயா, வடிவாப் பாப்பம்," என்றார்.

திங்கள் காலை ஆறு மணிக்கு நான் லப்ரொப்போடு கிணற்றடியில். சின்னப் போன் நாலு பேருக்குக் காணாது என்று சித்திதான் சொன்னார். கொட்டில் வாசலில் இரண்டு வெங்காயப் பெட்டியை அடுக்கி அதில் வைத்தோம். ஐயாவின் கூலியாள் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறப் போனார். ஐயா கதிரையோடு வந்தார். அண்ணைமார் வரம்பில் குந்தினார்கள். சித்தப்பா ரியூட்டரிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். சித்தி மிசினை எழுப்பினார். நான் படத்தைப் போட்டேன்.

"முதலாம் பாகத்திலையிருந்து போடும்," என்றார் ஐயா. "நடுவிலை பாத்தால் என்ன விளங்கும்?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சப்ரைட்டிலை வாசித்தார். மிசின் சத்தத்தில் அவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"உது என்ன தமிழ் பிள்ளை? கொம்பனித் தலைவர் ‘உவள்’ எண்டு கதைப்பாரோ?"

"கதைப்பார் ஐயா."

இருபதாவது நிமிடத்தில் குறை சொல்வதை நிறுத்திவிட்டார். நாற்பதாவது நிமிடத்தில் கதிரையை முன்னுக்கு இழுத்தார். முதலாம் பாகம் முடிந்து இரண்டாம் பாகம் தானாகத் தொடங்கியது. உபதலைவர் கவிழ்கிற இடத்தில், "அவனுக்கு வேணும்," என்று செயலாளர் அண்ணை தொடையில் அடித்தார். இரண்டாம் பாகத்தின் கடைசியில், மந்திரி முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள். பாகம் முடிகிறது.

ஐயாவின் கூலியாள் தூரத்தில் மண்வெட்டியைத் தூக்கி ஆட்டினார். பாத்தி எல்லாம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஐயா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"ரெண்டு பாகம் முடிஞ்சுது, ஐயா," என்றேன் நான். நியாயம் நியாயம்தானே.

"பொறும் பிள்ளை. அவள் என்ன மறுமொழி சொல்லுறாள் எண்டு பாப்பம்."

கடைக்கார அண்ணையின் முறை தொடங்கிவிட்டது. அவர் எழும்பவில்லை. "ஓம் ஐயா, பாப்பம்," என்றார். மூன்றாம் பாகம் ஓடியது. நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி படத்தைப் பார்க்கவில்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நாலு ஆண்களின் பின்மண்டைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயாவின் தோட்டத்திலிருந்து தண்ணீர் வரம்பை உடைத்து ஒழுங்கைக்குள் இறங்கியது. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் பாகம் முடிந்து பேர்கள் ஓடத் தொடங்கியதும் சித்தி சுவிட்சை நிறுத்தினார். திடீரென்று அமைதி. தண்ணீர் ஒழுங்கையில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"மூண்டு பாகம், ஐயா."

"நூற்றி முப்பத்தெட்டு," என்றார் சித்தப்பா.

ஐயா ஒழுங்கையைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். அந்தச் சுவிஸ் மணிக்கூடும் அவருக்கு உதவவில்லை. எட்டு இருபது. அவருடைய முகத்தில் அன்று கண்டதை நான் வெட்கம் என்று சொல்லமாட்டேன். வாத்திமாருக்கு அது எளிதில் வராது. சோதனைத்தாளில் தன் விடையே பிழை என்று கண்ட ஒருவரின் முகம்.

"சரி," என்றார் கடைசியில். "நான் பென்சன்காரன். எனக்கென்ன அவசரம். பிள்ளை முதல் இறைக்கட்டும். நான் கடைசி முறை எடுக்கிறன்." அது ஏதோ அவர் கொடுக்கிற தானம் மாதிரி இருந்தது. பிறகு லப்ரொப்பைக் காட்டினார். "காத்துக்கொண்டிருக்கேக்கை எனக்கும் பாக்க ஏதும் வேணும்தானே."

அந்தப் போகம் சித்தி காலை ஆறு மணித் தண்ணீரில் பத்துப் பரப்பும் நட்டார். முறையை இப்போது யாரும் மணிக்கணக்கில் சொல்வதில்லை. "எனக்கு இன்னும் அரைப் பாகம் இருக்கு," என்கிறார் கடைக்கார அண்ணை. "ரெண்டு பாகத்துக்கு மேலை ஒரு சொட்டுமில்லை," என்கிறார் சித்தி. ஆனால் மிசின் இன்னும் காற்றிழுக்கிறது. இன்னும் சித்திதான் எழுப்ப வேண்டியிருக்கிறது. எல்லாம் ஒரேயடியாக மாறிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

பொய் என்றால் ஞாபகம் வருகிறது. வெங்காயம் முளைத்து விரல் உயரம் வந்த நேரத்தில், யாரோ புண்ணியவான் ஒன்பதாம் பாகத்துக்கு ஆங்கில சப்ரைட்டில் போட்டிருந்தார். ஆவலாகத் திறந்தேன். அந்த ஏழு நிமிடமும் அவள் மன்னிப்புக் கேட்கிறாள். பதினொரு பேரிடமும் தனித்தனியாக. தான் ஆசைப்பட்டது பிழை, வேலையை விட்டுப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. முகங்கள் வெளிறவில்லை, அது அறையின் விளக்கு. தலைவர் கண்ணாடியைக் கழற்றியது கண் கசக்க. யன்னல் பக்கம் போனவருக்கு அலுப்பு. அவள் கதிரையில் அமரவும் இல்லை. மயங்கிச் சரிகிறாள்.

சித்தியிடம் போய்ச் சொன்னேன். வெங்காயத்துக்குள் குந்தி இருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தத் தேத்தண்ணிக் கதை?"

"நான்தான் எழுதினது, சித்தி."

களையைப் பிடுங்கியபடியே இருந்தார். ஒரு பாத்தி முழுக்கப் பிடுங்கி முடித்தார். எனக்கு அந்தப் பாத்தி ஒரு பரப்பு மாதிரி நீண்டது.

"மன்னிப்புக் கேட்டவளோ?" என்றார் பிறகு. "விசரி."

"நான் மாத்தி, சரியானதைப் போட்டுத் தாறன்."

"எனக்கு வேண்டாம். என்ரை போனிலை உன்ரையே இருக்கட்டும்." எழும்பி முழங்கால் மண்ணைத் தட்டினார். "ஐயா எத்தினையாம் பாகத்திலை நிக்கிறார்?"

"எட்டு முடிஞ்சுது."

"அவருக்குச் சரியானதைப் போட்டுக் குடு."

எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது விளங்க. ஐயாவுக்கு என் ஒன்பதாம் பாகம் போயிருந்தால், விறாந்தையில் கேட்ட வசனத்தை அவர் அப்படியே படத்தில் வாசித்திருப்பார்.

அடுத்த இறைப்பு நாள் ஐயா கொட்டில் வாசலில் இருந்து ஒன்பதாம் பாகத்தைப் பார்த்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். செயலாளர் அண்ணையின் முறை முடிந்து மிசினும் நின்றிருந்தது.

"என்ன பிள்ளை, உவள் இவ்வளவும் செய்துபோட்டு இப்ப வந்து மன்னிப்புக் கேக்கிறாள்?" என்று என்னைக் கேட்டார். அவருக்கு உண்மையாகவே கோபம். "பதினொரு பேரை உள்ளங்கையிலை வைச்சிருந்தவள். கதைக்கத் தெரியேல்லை அவளுக்கு. உம்மடை சித்தியிட்டை ஒரு கிழமை விட்டிருந்தால் எப்பிடிக் கதைக்கிறதெண்டு பழகியிருப்பாள்."

சித்தி வாளியோடு வந்து குழாய்க்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"நான் எங்கை ஐயா கதைக்கிறது," என்றார். "தள்ளி இருங்கோ, தண்ணி தெறிக்கும்."

கையை எடுத்தார். மிசின் பிடித்தது. அதன் பிறகு ஐயா என்ன சொன்னார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.